ஆல்பம் டிசைன், ஃபிளெக்ஸ், கேம் மூணுக்கும் 65 ஆயிரத்துல ஒரே பிசி: இந்தக் கொட்டேஷன் சரியா?

ஆல்பம்_கடலூர்:
எல்லாருக்கும் வணக்கம். பகல்ல போட்டோஷாப்ல கல்யாண ஆல்பம், நடுவுல ஃபிளெக்ஸ். ராத்திரி வேலோரண்ட், ஜிடிஏ 5. டைட்டில் அனிமேஷனுக்காக பிளெண்டர் இப்பதான் பழகறேன். மானிட்டர் இல்லாம 65 ஆயிரம் வரைக்கும் போகலாம். புதுச்சேரியில ஒரு கடையில எழுதிக் கொடுத்தது இது:

ஐ5-12400எஃப் ப்ராசஸர், எச்610 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒண்ணு, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், முன்னாடி கண்ணாடி வச்ச லைட் கேபினெட், அதோடவே வர்ற 600 வாட் எஸ்எம்பிஎஸ் (கரன்ட் தர்ற பவர் சப்ளை).

இதுல எதை மாத்தணும்? ஏஎம்டியோட ரைஸன் ப்ராசஸருக்குப் போகச் சொல்றாங்களே, அது எப்படி? வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கடல் கூப்பிடு தூரம். வீட்ல இன்வர்ட்டர் இருக்கு, தனியா யுபிஎஸ் வேணுமா? புதுச்சேரியில வாங்கினா வரி கம்மின்னு அப்பா சொல்றார், உண்மையா?

வாட்கணக்கு:
வரியை முதல்ல முடிச்சிடுவோம். அது வாட் (பழைய விற்பனை வரி) காலத்துக் கதை. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து கடலூர், புதுச்சேரி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எங்க வாங்கினாலும் பார்ட்ஸுக்கு 18%தான். விலை வித்தியாசம் இருந்தா அது கடைக்காரர் லாபத்துல இருக்கு, இல்லேன்னா பில் இல்லாம தர்றாங்க. பில் இல்லாம வாங்காதீங்க, வாரண்டிக்கு அலையணும்.

இனி கொட்டேஷன். முதல்ல தூக்க வேண்டியது அந்த எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டுல ஒட்டியிருக்கற லேபிளைப் படிங்க. +12 வோல்ட் கட்டத்துல எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும். 18 ஆம்பியர்னு இருந்தா 12 × 18 = 216 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பங்கு போட்டுக்க அவ்வளவுதான் இருக்கு, வெளியில 600-னு எவ்வளவு பெருசா அச்சடிச்சிருந்தாலும் சரி.

உங்களுக்கு எவ்வளவு வேணும்? 12400 டர்போவுல 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு போட்டா 170. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. ஆக 340 பக்கம். கார்டு கண நேரத்துக்கு அதுக்கு மேலயும் இழுக்கும். அதனால 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரன்ட்டை அதிகம் வீணாக்காததுக்குத் தர்ற முத்திரை), 12 வோல்ட்ல 40 ஆம்பியருக்குக் குறையாம, தெரிஞ்ச பிராண்ட்ல எடுங்க. கார்டுக்கான 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ல இருந்தே வரணும். மோலெக்ஸ்ல (பழைய நாலு பின் வயர்) இருந்து கன்வெர்ட்டர் போட்டுத் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, சூடேறி கனெக்டர் உருகற இடம் அதுதான்.

சத்தில்லாத எஸ்எம்பிஎஸ்ல கோளாறு எப்படித் தெரியும்னா, பிரவுசர், போட்டோஷாப் எல்லாம் நல்லா ஓடும். கேம் திறந்து அஞ்சு நிமிஷத்துல திரை கருத்து ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் மாத்துவாங்க, ரேம் மாத்துவாங்க, எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தொட மாட்டாங்க.

அடுத்து கார்டு. 1650 வந்தது 2019-ல. 4 ஜிபி இன்னைக்குப் பத்தாது, ரே டிரேசிங் கோரும் (ஒளி, நிழலைக் கணக்கு போடற பகுதி) கிடையாது. பட்ஜெட்ல 35-40% கார்டுக்கு ஒதுக்குங்க. கேம் மட்டும்னா ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி போதும், 132 வாட்தான் எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 3050-ஐ விட கேம்ல நல்ல வேகம். பிளெண்டர் இருக்கறதால நான் 3060 12 ஜிபி சொல்வேன். பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டருக்கு என்விடியாவுல ஆப்டிக்ஸ்ங்கற வேகமான வழி கிடைக்குது. ஏஎம்டி கார்டும் ஹிப்ங்கற அதோட வழியில ரெண்டர் பண்ணும், ஆனா நேரம் கூட ஆகும்.

பேர்ல ஏமாறாதீங்க. 3060-லயே 8 ஜிபின்னு ஒண்ணு இருக்கு. மெமரி பஸ் (மெமரிக்குப் போற பாதையோட அகலம்) 192 பிட்ல இருந்து 128 ஆகக் குறைச்சது. 3050-லயும் அப்படித்தான். 6 ஜிபி மாடல்ல கோரும் கம்மி, பஸ் 96 பிட். பில்லுல "3060"-ன்னு மட்டும் எழுதினா ஒத்துக்காதீங்க, "12 ஜிபி"-ன்னு சேர்த்து எழுதச் சொல்லுங்க.

லேயர்_மாஸ்க்:
மேல சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. ப்ராசஸரையும் மாத்தணும். ஐ5-12400 எடுங்க, எஃப் வேண்டாம். எஃப் போட்டதுல உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. கார்டு போய் வாரண்டிக்கு அனுப்பினா அது திரும்பி வர்ற வரைக்கும் திரையில ஒண்ணும் வராது. தை மாசம் முகூர்த்த நேரத்துல அப்படி ஆச்சுன்னா ஆல்பம் வேலையே நின்னுடும். சாதா 12400-ல கேபிளை போர்டுல மாட்டி போட்டோஷாப்பை ஓட்டிக்கலாம். வீடியோ எடிட்டிங் பக்கம் போனா குவிக்சிங்க்கும் (வீடியோவை வேகமா ஓட்டற இன்டெல் வசதி) கிடைக்கும், சில கேமரா எடுக்கற 10 பிட் 4:2:2 எச்.265 ஃபைல் டைம்லைன்ல திக்காம ஓட அது உதவும்.

ரைஸன்ல 5600 அருமையான ப்ராசஸர்தான், ஆனா அதுலயும் உள் கிராபிக்ஸ் இல்ல. 5600ஜி-ல இருக்கு, ஆனா எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ள இருக்கற வேக மெமரி) 32 எம்பிக்குப் பதிலா 16, பிசிஐஇயும் (கார்டு மாட்டற பாதை) பழைய 3.0தான். உங்க வேலைக்கு 12400 பக்கம்தான் என் ஓட்டு.

இப்ப ரேம். கணக்கு போட்டே பார்க்கலாம். 12 × 36 அங்குல ஷீட், 300 டிபிஐ. 3600 × 10800, அதாவது 3.88 கோடி பிக்சல். 8 பிட் ஆர்ஜிபியில முழு ஷீட் அளவு லேயர் ஒண்ணுக்கு 111 எம்பி. 15 லேயர் வந்தா 1.6 ஜிபி தாண்டிடும். 16 பிட்ல திறந்தா ரெண்டு மடங்கு. இதுக்கு மேல ஹிஸ்டரி. மாறின பகுதியை மட்டும்தான் அது சேர்த்து வைக்கும், ஆனா ஷீட் முழுக்க ஒரு ஃபில்டர் ஓட்டினா ஷீட் முழுக்க மாறினதாத்தானே அர்த்தம்? நாலு ஷீட் ஒண்ணா திறந்து, கோரல்டிராவும் பிரவுசரும் பின்னாடி ஓடினா 16 ஜிபி நிரம்பி, மிச்சம் ஸ்க்ராட்ச் டிஸ்குக்கு (ரேம் பத்தாதப்போ போட்டோஷாப் பயன்படுத்தற டிஸ்க் இடம்) போகும். அந்த ஸ்க்ராட்ச் ஹார்ட் டிஸ்க்ல இருந்தா பிரஷ் ஒரு இழுப்பு இழுத்துட்டு டீ குடிச்சுட்டு வரலாம்.

அதனால 16 ஜிபி ரெண்டு, மொத்தம் 32. ரெண்டு ரேம் போட்டாத்தான் டூயல் சேனல், ஒரே ரேம்ல வேலோரண்ட் மாதிரி ப்ராசஸரை நம்பற கேம்ல ஃபிரேம் விழும். எச்610-ல ஸ்லாட்டே ரெண்டுதான், இப்ப 8 ஜிபி ரெண்டு போட்டா பின்னாடி ரெண்டையும் கழட்டி விக்கணும். இப்ப காசு பத்தலேன்னா பி660-ல நாலு ஸ்லாட் போர்டா பார்த்து 8 ஜிபி ரெண்டுல ஆரம்பிங்க. எச்610-ஏ எடுத்தா 3200 வேக ரேம் போதும், அதுக்கு மேல அந்த போர்டு ஓட்டாது. எஸ்எஸ்டி மாட்டற எம்.2 ஸ்லாட்டும் ஜென்3தான், ஜென்4 எஸ்எஸ்டிக்குக் கூடக் கொடுக்கற காசு வீண். 256 ஜிபி விண்டோஸ், அடோபி, ஒரு கேம் போட்டா முடிஞ்சுது. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குங்க. ஹார்ட் டிஸ்க் முடிஞ்ச ஆல்பங்களுக்கு பேக்கப்பா மட்டும் இருக்கட்டும்.

32 ஜிபியும் 3060-ம் ஒண்ணா பட்ஜெட்ல அடங்கலேன்னா கார்டைத்தான் 6600-க்கு இறக்குவேன். சோறு போடறது ஆல்பம், பிளெண்டர் இல்ல.

வாட்கணக்கு:
எஃப் விஷயம் சரி, ஒத்துக்கறேன். கார்டை இறக்கறதுல மட்டும் எனக்கு மனசில்ல. ரேம் பின்னாடி சேர்த்துக்கலாம், கார்டை வித்து மாத்தறப்போ நஷ்டம் ஜாஸ்தி. பி660 போர்டு, 8 ஜிபி ரெண்டு, 3060 12 ஜிபி. இது என் வழி.

உப்புக்காத்து:
கடல் பக்கம்னதால இதைச் சொல்றேன், கார்டு சண்டையை நீங்க ரெண்டு பேரும் தொடருங்க.

வாங்கறதுக்கு முன்னாடி எர்த் பாருங்க. எர்த் இல்லாத பாயிண்ட்ல எஸ்எம்பிஎஸ் மாட்டினா, அதோட ஃபில்டர்ல இருக்கற கெப்பாசிட்டர் வழியா கேபினெட் பாடியில சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரன்ட் ரொம்பக் கொஞ்சம், தொட்டா சுள்ளுனு இருக்கும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாம போகலாம், ஆனா அந்த நிலையில எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினா கார்டு போர்ட்டோ மானிட்டர் போர்ட்டோ போயிடும். மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னா மாத்தற அடாப்டரை வீட்டை விட்டே துரத்துங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர்ல பார்க்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2-3 வோல்ட்டுக்குள்ள.

இன்வர்ட்டர்ல சைன் வேவா, ஸ்கொயர் வேவான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்ல நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டாதீங்க. சைன் வேவா இருந்தா பின்னாடி இருக்கற ஸ்விட்சை யுபிஎஸ் மோடுல வைங்க. கரன்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கறது ஏறக்குறைய 16 மில்லி செகண்ட்தான். சாதா மோடுல மாறறதுக்கு அதைவிட நேரம் ஆகும், மெஷின் அணைஞ்சுடும். தனி யுபிஎஸ் வாங்கறதா இருந்தா 600 விஏ வேண்டாம். அதுல நிஜ வாட் 360 தான், கேம் நடுவுல கரன்ட் போனா கீச்சுனு கத்திட்டு அதுவும் சேர்ந்து படுத்துடும். 1000 விஏ எடுங்க.

உப்புக் காத்துக்கு மந்திரம் எதுவும் இல்ல. ஜன்னல் ஓரம் வேண்டாம். தரையில வேண்டவே வேண்டாம், 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல் புயலுக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்த தெருக்காரங்களைக் கேளுங்க. வாரக்கணக்கா அணைச்சு வைக்காதீங்க, ஓடற சூட்டுலதான் ஈரம் காயும். திடீர்னு டிஸ்பிளே வரலேன்னா முக்கால்வாசி ரேம் காண்டாக்ட்தான். பிளக்கைப் பிடுங்கிட்டு ரேமைக் கழட்டி, தங்க நிறப் பல்லை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, ரப்பர் தூளை ஊதிட்டு, ரெண்டு பக்கமும் கிளிக் கேக்கற வரை அழுத்துங்க. கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை இருக்கறதா எடுங்க. காத்தே போகாத பெட்டியில எத்தனை லைட் எரிஞ்சு என்ன?

ஆல்பம்_கடலூர்:
ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். 12400, பி660, 8 ஜிபி ரெண்டு, 1 டிபி என்விஎம்இ, 550 பிரான்ஸ்னு புதுசா கொட்டேஷன் கேட்டிருக்கேன். கார்டு மட்டும் இடிக்குது. ஆன்லைன்ல ஆர்எக்ஸ் 580 8 ஜிபி ரொம்ப மலிவா வருதே, இப்போதைக்கு அதைப் போட்டு ஓட்டலாமா? அசெம்பிள் கடையிலயே பண்ணிடுவாங்க. வாங்கும்போது எதைச் சரிபார்க்கணும்?

வாட்கணக்கு:
அந்த 580-ல பெரும்பாலும் சின்னதா 2048எஸ்பி-ன்னு எழுதியிருக்கும். அசல் 580-ல 2304 ஷேடர் (படத்தைக் கணக்கு போடற சின்ன கோர்). 2048-ன்னா உள்ள இருக்கறது அதைவிடக் குறைஞ்ச 570தான். கிரிப்டோ மைனிங்ல அடிபட்டு வந்ததாவும் இருக்கலாம். அதுக்குப் பதிலா உள் கிராபிக்ஸ்லயே ரெண்டு மாசம் ஓட்டிட்டு 3060 வாங்குங்க. எஃப் இல்லாத ப்ராசஸருக்கு இதுவும் ஒரு லாபம்.

கடையில கவுண்டர்லயே பார்க்க வேண்டியது. மூடி போடறதுக்கு முன்னாடி கூலர். இன்டெல் கூலர்ல நாலு புஷ் பின், போர்டு பின்பக்கம் நாலோட முனையும் வெளிய எட்டிப் பார்க்கணும். ஒண்ணு தூக்கினாலும் லோடு கொடுத்ததும் 100 டிகிரிக்கு ஓடி வேகம் குறைஞ்சுடும். நாலு ஸ்லாட் போர்டுல ரேம் ப்ராசஸர்ல இருந்து எண்ணினா 2-லயும் 4-லயும் இருக்கணும். பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) போடச் சொல்லிட்டு சிபியூ-இசட் சாஃப்ட்வேரைத் திறங்க. மெமரி பக்கத்துல 1600-ஐ ஒட்டி காட்டினா பயப்படாதீங்க, 3200-க்கு அது பாதியாத்தான் காட்டும். 1066, 1200, 1333-ன்னு நின்னா எக்ஸ்எம்பி போடல. கார்டு வாங்கறப்போ ஜிபியூ-இசட், கார்டைப் பரிசோதிக்கற சாஃப்ட்வேர். பேருக்கு முன்னாடி ஃபேக்-னு வந்தா அங்கேயே திருப்பிக் கொடுங்க.

விண்டோஸ் 11-னா பயாஸ்ல டிபிஎம், செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருக்கட்டும், இல்லேன்னா வேலோரண்ட் திறக்காது.

லேயர்_மாஸ்க்:
மானிட்டர் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி (திரை காட்டற நிறங்களோட அளவுகோல்) 99-100%. பெட்டியில 45% என்டிஎஸ்சின்னு (இன்னொரு நிற அளவுகோல்) இருந்தா தொடாதீங்க. அதுல பார்த்து சரி பண்ணின பட்டுப்புடவைச் சிவப்பு பிரின்ட் லேபுல இருந்து வேற நிறமா வரும். 72% என்டிஎஸ்சின்னா ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. கார்டு வந்த அன்னைக்கு கேபிளை போர்டுல இருந்து பிடுங்கி கார்டுல மாட்டுங்க. மறந்துட்டு "3060-ல ஜிடிஏ திக்குது"ன்னு இங்க வந்து கேக்கறவங்க மாசத்துக்கு ரெண்டு பேர்.