பழைய ஹெட்போனின் ஹெட்பேண்ட் உரிகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: வானொலிப்பிரியன், சென்னை

வணக்கம். என்னிடம் பத்து வருஷத்துக்கு மேலான ஓவர்-இயர் ஹெட்போன் ஒன்று இருக்கிறது. காதை முழுக்க மூடும் வகை, வயர் இடது கப்பில் மட்டும் வருகிறது. பாட்டு கேட்பதும் ஆடியோ எடிட் செய்வதும் இதில்தான். ஒலியில் ஒரு குறையும் இல்லை. இயர்பேட் நைந்தபோது கடையில் பொருந்தும் ஜோடி கிடைத்தது, மாற்றிவிட்டேன்.

தொல்லை ஹெட்பேண்டில்தான். மேலே சுற்றியிருக்கும் லெதர் மாதிரியான கறுப்பு உறை செதில் செதிலாக உரிகிறது. கழுத்து, காலர், தலையணை எல்லாம் கறுப்புப் பொடி. "உங்களுக்கு மட்டும் பொடுகு கறுப்பா வருதே" என்று வீட்டில் கிண்டல். உச்சியில் துணி கிழிந்து ஸ்பாஞ்ச் தெரிகிறது, அதுவும் அழுத்தினால் எழுவதில்லை. அரை மணி நேரம் போட்டால் உச்சந்தலை வலிக்கிறது.

அந்த மாடல் இப்போது வருவதில்லை. ஹெட்பேண்ட் தனியாகவும் கிடைக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்தால் "புதுசு வாங்கிக்கோங்க சார்" என்கிறார்கள். உரிவதை நிறுத்த வழி உண்டா? இல்லை, மேலுறையையே மாற்ற வேண்டுமா? தையல் எனக்குப் பட்டன் தைக்கும் அளவுக்குத்தான் தெரியும்.

பதில்: சும்மா_ஒருவன்

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். வேலை முடிந்தது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: பட்டறைக்காரர், கோவை

டேப் வேண்டாம் தம்பி. நம் ஊர் வெயிலுக்கு அதன் பசை ஓரத்தில் வழிந்து முடியில் ஒட்டும். அப்புறம் உறையோடு பசையையும் சேர்த்துச் சுரண்ட வேண்டிவரும்.

வானொலிப்பிரியன் சார், உரிவதை நிறுத்த முடியாது. அது தோலே இல்லை. துணியின் மேல் மெல்லிசாகப் பூசிய பாலியூரித்தேன். காற்றின் ஈரமும் வேர்வையும் அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்பை மெதுவாக அறுத்துக்கொண்டே இருக்கும். பள்ளியில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் நடக்கும், கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். தேங்காய் எண்ணெய்த் தலையும் உரிவதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும். இன்றைக்கு நன்றாகத் தெரிகிற இடம் நாளைக்கு உரியும் என்பதால், ஷூ பாலிஷ், பெயின்ட் எதைப் பூசினாலும் அது செதிலோடு சேர்ந்தே வந்துவிடும். முழுசாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம். வயர் இடது கப்பில் மட்டும் வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் வலது கப்புக்குப் போகும் வயர் ஹெட்பேண்ட் வழியாகத்தான் போகிறது. சில மாடல்களில் அதற்கென்று பள்ளம் இருக்கும். சிலவற்றில் ஸ்பாஞ்சுக்கும் ஸ்டீல் பட்டைக்கும் நடுவே சும்மா கிடக்கும். அதன் உள்ளே இருப்பவை எனாமல் பூசிய மயிரிழைக் கம்பிகள். பிளேடு லேசாகப் பட்டாலும் வலது பக்கம் ஊமையாகிவிடும். அதனால் பழைய தையலை, தையல்காரர்கள் வைத்திருக்கும் பிரிப்பானால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரியுங்கள். கழற்றும்போதே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உறை வந்தபிறகு ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் பழைய பல்துலக்கியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு துடைக்கலாம். மொபைல் ரிப்பேர் கடையில் 'ஐபிஏ' என்று கேட்டால் புரியும். தின்னர், நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் இளகும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் விரிசல் விடும்.

பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுமுன் அதன் இரண்டு நுனிகளையும் அளந்து பாருங்கள். கப் பக்கத்து நுனிகள் தலையில் படுவதில்லை, அழுந்தியிருக்காது. அசல் கனம் அங்கேதான் தெரியும். அதே கனத்தில் கொஞ்சம் கெட்டியான ஃபோம் வாங்குங்கள். மெத்தென்ற சோபா ஸ்பாஞ்ச் போட்டால் சில மாதத்தில் பழைய கதைதான்.

மேலுறைக்கு பைக் சீட் தைக்கிற கடையில் ரெக்ஸின் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். அது பெரும்பாலும் பி.வி.சி. இப்படிப் பொடியாக உரியாது, ஆனால் வருஷக்கணக்கில் விறைத்துப்போகும். நீங்கள் சென்னை என்பதால் பெரியமேட்டுக்கே போகலாம். தோல் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மெல்லிய ஆட்டுத்தோல், 1 மி.மீ.க்கு உள்ளே, துண்டாகக் கேளுங்கள். மாட்டுத்தோல் இந்த வளைவுக்கு முரண்டு பிடிக்கும்.

பதில்: ஊசிநூல், மதுரை

அண்ணா சொன்னதெல்லாம் சரி, தைக்கிற பகுதியை மட்டும் நான் சொல்கிறேன். பட்டன் தைக்கத் தெரிந்தால் போதும் சார்.

ஹெட்பேண்டை நிமிர்த்தி வைத்து அளக்காதீர்கள். வளைந்த பட்டையில் வெளிப்பக்கம் நீளம், உள்பக்கம் குட்டை. நேராக வைத்துத் தைத்துவிட்டு வளைத்தால் உள்பக்கம், அதாவது தலையில் படும் பக்கம், சுருக்கம் சுருக்கமாக நிற்கும். தலையில் மாட்டும் அளவுக்கு விரித்து, நடுவில் ஒரு டப்பாவையோ தடிமனான புத்தகத்தையோ செருகிவைத்து, அந்த நிலையிலேயே நியூஸ் பேப்பரைச் சுற்றி அச்சு எடுங்கள்.

தோலை வெட்டியதும் இரண்டு நீள ஓரங்களிலும் துளைக்குப் புள்ளி வைக்க வேண்டும். இதற்கென்று விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். சாப்பிடுகிற முள்கரண்டி போதும். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி அழுத்துங்கள், நான்கு புள்ளி விழும். கடைசிப் புள்ளியில் முதல் பல்லை வைத்து மறுபடி அழுத்துங்கள். இப்படியே போனால் இடைவெளி பிசகாது. இரண்டு ஓரத்திலும் புள்ளிகள் ஒரே எண்ணிக்கையா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் குத்தூசியால் துளையிடுங்கள். எண்ணாமல் தைத்தால் ஒரு பக்கத்துத் தோல் கடைசியில் மிஞ்சி நிற்கும்.

நூல், செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகு தடவிய பாலியெஸ்டர். இரண்டு முனையிலும் ஊசி கோத்து, கிரிக்கெட் பந்துத் தையல் இல்லை, பேஸ்பால் பந்தில் இருக்குமே, அந்தக் குறுக்குத் தையல். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்கும். தையல் கோடு பின்பக்க விளிம்பில் வரட்டும். அடியில் வந்தால் தலையில் குத்தும், மேலே வந்தால் கண்ணை உறுத்தும்.

பதில்: பட்டறைக்காரர், கோவை

ஆமாம், தங்கச்சி சொல்வதுபோல் தையல்தான் பிடிப்பு. பசை, ஃபோம் நகராமல் இருக்க மட்டும். ஃபெவிக்கால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வாடை தலையைச் சுற்றும். உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி, வளைக்கும் இடத்தில் நிற்காது.

பதில்: இரவுப்பறவை

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஜிப் வைத்த ஹெட்பேண்ட் கவர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேயர்டைனமிக் டிடி 770 போன்ற ஹெட்போன்களில் பட்டையின் மெத்தையே பிரஸ் பட்டனில்தான் நிற்கிறது, கழற்றிப் புதிது மாட்டலாம். உங்களுடையது அப்படி இல்லையா?

பதில்: ஊசிநூல், மதுரை

ஜிப் கவர் நல்லதுதான், ஆனால் உரிகிற உறையின் மேலேயே மாட்டினால் பொடி உள்ளே சேரும், அழுந்திய ஸ்பாஞ்சும் அப்படியே இருக்கும். பழசைச் சுரண்டி, ஃபோம் மாற்றிவிட்டு மாட்டினால் சரி. தைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே போதும்.

கேள்வி கேட்டவர்: வானொலிப்பிரியன்

எல்லோருக்கும் நன்றி. பட்டன் எதுவும் இல்லை, சுற்றித் தைத்த உறைதான். பெரியமேட்டில் கறுப்பு ஆட்டுத்தோல் கிடைத்தது. வயர் ஸ்பாஞ்சுக்கு அடியில் வெறுமனேதான் ஓடுகிறது, எச்சரிக்காமல் இருந்திருந்தால் அறுத்திருப்பேன். முள்கரண்டி அற்புதம். தையல் வலது நுனியில் மட்டும் கொஞ்சம் கோணல், முடி மறைத்துவிடுகிறது.

இரண்டு சந்தேகம். கப் இரண்டும் முன்பைவிட மேலே ஏறி, காதின் அடிப்பகுதியை அழுத்துகின்றன. பட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இடது பக்க ஸ்லைடரும் முழுசாக உள்ளே போகவில்லை, தோலின் ஓரம் இடிக்கிறது.

பதில்: பட்டறைக்காரர், கோவை

முதலாவது கோளாறு இல்லை. புது மெத்தை பட்டையைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிறது. ஸ்லைடரை இரண்டு பக்கமும் ஓரிரு கிளிக் கூடுதலாக இழுங்கள். ஃபோம் படிந்ததும் திரும்ப ஒரு கிளிக் குறைக்க வேண்டிவரலாம்.

இரண்டாவதற்கு, அந்த நுனியில் கடைசி சில கண்ணிகளை மட்டும் பிரித்து, தோலின் உள்பக்கத்தைப் புது பிளேடால் படுக்கவைத்துச் சீவுங்கள். கனம் பாதியானால் போதும். வயரை முதலில் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தைத்ததும் ஏதாவது பாட்டை ஓடவிட்டு, ஸ்லைடரை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். வலது பக்கம் கரகரத்தால் வயர் எங்கேயோ நசுங்குகிறது என்று அர்த்தம்.

கேள்வி கேட்டவர்: வானொலிப்பிரியன்

சீவியதும் ஸ்லைடர் வழுக்கிக்கொண்டு போகிறது. கரகரப்பு இல்லை. மிச்சத் தோல் இன்னும் ஒரு ஹெட்பேண்டுக்குத் தேறும், சென்னையில் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.