பழைய டாஸ் மென்பொருளிலிருந்து புதிய பிரிண்டரில் சிட்டை எடுப்பது எப்படி?

கேள்வி: பாம்பன் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் இறால், நண்டு, கணவாய் எடுக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சம்மாட்டிகளுக்கு (படகு உரிமையாளர்களுக்கு) கொடுத்த முன்பணம், ஐஸ், டீசல் ஆகியவற்றைக் கழித்துச் சிட்டை (கணக்குச் சீட்டு) போடுவதற்கு, தொண்ணூறுகளில் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்டு, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் ஒரு மென்பொருளைத்தான் இன்றும் நம்பியிருக்கிறோம். உப்புக்காற்றில் பழைய கணினியின் போர்டு அரித்துப் போனதால், விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியும் யுஎஸ்பி லேசர் பிரிண்டரும் வாங்கியாயிற்று. புதிய கணினியில் பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸைப் போட்டதில் எங்கள் மென்பொருள் நன்றாகவே திறக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. யுஎஸ்பியை, பழைய பிரிண்டர்களை மாட்டும் பேரலல் போர்ட்டாக மாற்றும் கேபிள் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

பதில்: கீழக்கரை சர்வீஸ்

கேபிள் வாங்க வேண்டாம். அது பேரலல் வாய் மட்டுமே உள்ள பழைய பிரிண்டரைப் புதிய கணினியின் யுஎஸ்பியில் மாட்டுவதற்கானது. உங்கள் சிக்கல் அதுவன்று.

டாஸ் மென்பொருள் எழுத்துகளையும் எப்சன் பிரிண்டருக்கான கட்டளைகளையும் எல்பிடி1 என்ற முதல் பேரலல் போர்ட்டுக்கு நேரடியாக அனுப்புகிறது. ஊசிகளால் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அந்த மொழி புரியும். விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்குப் புரியாது. பக்கம் முழுவதையும் விண்டோஸ் டிரைவர் படமாக வரைந்து கொடுத்தால்தான் அவை அச்சடிக்கும். ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது, அதில் பிரிண்டர் வசதி கிடையாது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸில் எப்சன் பிரிண்டரைப் போலவே நடிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் பிரிண்டரை இயக்கி, முதல் பேரலல் போர்ட்டை அதனுடன் இணைத்து, வெளியீடு விண்டோஸ் பிரிண்டருக்குப் போகும்படி வையுங்கள். ஃபாக்ஸ்புரோ போன்ற எழுத்துத்திரை மென்பொருள்களுக்கென்றே வந்த விடாஸையும் பார்க்கலாம்.

பதில்: தொண்டி வியாபாரி

மேலே சொன்னது சரிதான். ஆனாலும் சிட்டை போடும் தொழிலில் லேசர் எதற்கு என்பதே என் கேள்வி. சம்மாட்டிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என மூன்று பிரதிகளைக் கார்பன் வைத்து ஒரே அடியில் எடுக்க ஊசி அடிக்கும் பிரிண்டரால்தான் முடியும். எப்சன் எல்எக்ஸ்-310 போன்றவற்றில் யுஎஸ்பி, பேரலல் இரண்டுமே உண்டு. விண்டோஸில் அதைப் பகிர்ந்து (ஷேர் செய்து), 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பிவிட்டால், 32-பிட் விண்டோஸில் டாஸ் மென்பொருள் அப்படியே அச்சடிக்கும். 64-பிட்டில் டாஸ் மென்பொருள் நேரடியாக ஓடாது, விண்டோஸ் 11-இலோ 32-பிட் பதிப்பே இல்லை. ஆகவே நீங்கள் அச்சு வெளியீட்டை ஒரு கோப்பாக எடுத்து, அதை மாற்றமின்றிப் பகிர்வுக்கு நகலெடுக்க வேண்டியிருக்கும். கட்டளைகளை வரிசையாக இயக்கும் ஒரு சிறிய பேட்ச் கோப்பு அதைச் செய்துவிடும். பிரிண்டரை ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள், நம் கடற்கரையில் ஹெட்டின் ஊசிகள் சீக்கிரம் இறுகிவிடுகின்றன.

பாம்பன் கணக்கர்

இருவருக்கும் நன்றி. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சிட்டை வந்துவிட்டது. மாதக் கணக்கில்தான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரிகளும் அடுத்த தாளுக்குத் தாவி, அந்தத் தாள் ஏறக்குறைய வெறுமையாக வெளிவருகிறது. சில சமயம் கடைசிப் பக்கம் வருவதே இல்லை.

பதில்: கீழக்கரை சர்வீஸ்

உங்கள் மாதக் கணக்கு 12 அங்குலத் தொடர்தாளுக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்குலத்துக்கு 6 வரி என்றால் அதில் 72 வரிகள் பிடிக்கும்; 11.69 அங்குல உயரமுள்ள ஏ4 தாளில் 70 வரிகளே பிடிக்கும். மீதி இரண்டும் தாவத்தான் செய்யும். மூல நிரல் கைவசம் இருந்தால், அச்சு தொடங்கும் இடத்தில் 27-ஆம் எண் குறியையும் (எஸ்கேப்) அதை அடுத்துப் பூஜ்ஜியம் என்ற எழுத்தையும் அனுப்பும் ஒரு வரியைச் சேருங்கள். அது அங்குலத்துக்கு 8 வரி என மாற்றிவிடும், 72 வரிகளும் 9 அங்குலத்துக்குள் அடங்கும். நிரல் இல்லையென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் பக்க உயரத்தை 120 என்று வையுங்கள் (அது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிடுகிறது). வெளியீட்டைப் படமாக எடுத்து, தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடிக்கலாம்.

கடைசிப் பக்கம் வராததற்குக் காரணம், மென்பொருள் இறுதியில் தாளைத் தள்ளும் குறியை அனுப்பாமல் விடுவதுதான். டாட் மேட்ரிக்ஸில் நாமே பொத்தானை அழுத்தித் தாளைக் கிழித்துக்கொள்வோம், அதனால் இந்தக் குறை வெளியே தெரிந்திருக்காது. அதே அமைப்புப் பகுதியில் பிரிண்டருக்கான காத்திருப்பு நேரம் என்று ஒரு வரி உண்டு. அதில் சில விநாடிகளை மில்லிவிநாடிக் கணக்கில் குறித்துவிட்டால், எழுத்து வருவது நின்றதும் பக்கம் தானாக முடிந்து வெளியே வரும். ஆனால் மிகக் குறைவாக வைத்தால், மென்பொருள் கணக்குக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கம் பாதியில் வெட்டுப்படும்.