தம்பியின் பாஸ்போர்ட்டைத் தர மறுக்கும் ஏஜென்ட்: என்ன செய்யலாம்?

முக்கூடல் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 22 வயது. திருநெல்வேலி பேட்டை ஐடிஐ-யில் வெல்டர் முடித்துவிட்டு கங்கைகொண்டான் பக்கம் ஒப்பந்த வேலையில் இருந்தான். வண்ணார்பேட்டையில் மாடியில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒருவர் துபாய் வேலை என்று வீட்டுக்கே வந்து பேசினார். வெளியாள் இல்லை. அப்பாவுக்குச் சித்தி வழியில் சொந்தம், நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஜங்ஷன் லாட்ஜில் இன்டர்வியூ, திருச்சியில் டிரேட் டெஸ்ட். மாதம் 1,800 திர்ஹாம், சாப்பாடும் ரூமும் கம்பெனி கணக்கு என்றார்.

அப்பா கையில் 50 ஆயிரம் கொடுத்தார். நான் 30 ஆயிரம் ஜிபே பண்ணினேன், அதுவும் அவர் மகன் நம்பருக்கு. ரசீது கேட்டதற்கு, ‘மாமாகிட்டயே ரசீதா?’ என்று சிரித்தார். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் எடுத்த செயின் இப்போது கூட்டுறவு சங்கத்தில் கிடக்கிறது.

நாலு மாசம் ஓடிவிட்டது. இப்போது வந்திருப்பது விசிட் விசா. அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமாம். சம்பளம் 1,200 ஆகிவிட்டது, இன்னும் 60 ஆயிரம் வேண்டுமாம். வேண்டாம் என்றால் ‘கேன்சல் சார்ஜ்’ 25 ஆயிரம் கட்டினால்தான் பாஸ்போர்ட் கைக்கு வரும் என்கிறார். போலீசுக்குப் போனால் சொந்தம் அறுந்துவிடும் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். தம்பியின் சிநேகிதன், தொலைந்துபோனதாக எழுதிக் கொடுத்துப் புதுசு எடுத்துவிடலாம் என்கிறான். அது சரிவருமா?

ஷார்ஜா ரிட்டன்:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். தம்பியை அந்த விசிட் விசாவில் மட்டும் ஏற்றி விட்டுவிடாதீர்கள். அதில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். நான் 2009-ல் அப்படித்தான் போனேன். ஒரே ரூமில் 11 பேர். கான்டிராக்டர் இரண்டு மாசச் சம்பளத்தை முழுங்கிவிட்டான், லேபர் ஆபீசில் போய்ச் சொல்ல எங்கள் பெயரில் ஒரு காகிதம் கிடையாது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், என்னை அனுப்பிய ஏஜென்ட் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, ‘எப்ப வந்தீரு?’ என்று கேட்டார் பாருங்கள். சாம்பாரை ஊற்றச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, அமீரகச் சட்டத்தில் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, அது முதலாளி பாடு. அந்த 60 ஆயிரம் யார் பைக்குப் போகிறது என்று நீங்களே யோசியுங்கள்.

பாளை குமாஸ்தா:

நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை. இந்த மாதிரி மனுக்களைத் தட்டச்சு அடித்து விரல் தேய்ந்தவன்.

பாஸ்போர்ட் தொலைந்தது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது பொய்ப் புகார். நாளைக்கு அவர் அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினால் மாட்டிக்கொள்வது உங்கள் தம்பி. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, 1967-ம் வருஷத்துச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. அதனால் ‘தயவு செய்து கொடுங்கள்’ என்ற பேச்சே வேண்டாம்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் 1983-ம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பெரிய ஏஜென்சி அதற்காக அரசிடம் 50 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கிறது. வேலைக்குப் போகிறவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது கொடுத்தே ஆக வேண்டும். சப்-ஏஜென்ட் என்று ஒரு ஆளை இந்தச் சட்டம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. உங்கள் மாமா அந்த வகையாகத்தான் இருப்பார் போலத் தெரிகிறது. அவருடைய விசிட்டிங் கார்டில் எந்த ஏஜென்சி பெயர் இருக்கிறது? மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, லைசென்ஸ் இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தம்பி பத்தாவது பாஸ் என்றால், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு தரும் குடிபெயர்வு அனுமதி அவனுக்குத் தேவைப்படாது. விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. விசிட் விசா வியாபாரமே இந்தச் சந்தில்தான் நடக்கிறது.

கையில் கொடுத்த 50 ஆயிரத்துக்குச் சாட்சி இல்லையே என்று பயப்படாதீர்கள். இன்றைக்கு ராத்திரியே மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: ‘மாமா, அப்பா கொடுத்த 50, நான் போட்ட 30, இரண்டுக்கும் ரசீது வேண்டும்.’ திட்டிப் பதில் போட்டாலும் நல்லதுதான், அவர் வாயாலேயே கணக்கு வந்துவிடும். கூடவே ஒரு மனு. வெளிநாட்டு வேலைப் புகார்களைப் பார்க்கும் மத்திய அரசு அதிகாரியான, சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலருக்கு ஒன்று, மாநகர போலீஸ் கமிஷனர் ஆபீசுக்கு ஒன்று. திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். மோசடிக்கு நாம் 420 என்று சொல்லிப் பழகிய பிரிவு, புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318.

டவுன்காரன்:

எல்லாம் சரி. ஆனால் சொந்தக்காரர் மேல் மனு கொடுத்த வீட்டில் நாளைக்குப் பெண் எடுப்பார்களா? 25 ஆயிரத்தை விட்டெறிந்து பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டு, தலைமுழுகிவிட்டு வாருங்கள்.

பாளை குமாஸ்தா:

அண்ணாச்சி, அந்த 25 ஆயிரத்தை அந்த அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்றிக் கட்டுவாங்க? அறுந்தால் அவரால்தான் அறுந்தது.

முக்கூடல் அக்கா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். குமாஸ்தா அண்ணாச்சி சொன்னபடியே வாட்ஸ்அப் போட்டேன். ‘உங்கப்பா கொடுத்த 50-ம் சேத்து 80, எல்லாம் டிக்கெட்டுக்குப் போட்டாச்சு’ என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். விசிட்டிங் கார்டில் இருந்த சென்னை ஏஜென்சியைத் தேடினால் லைசென்ஸ் காலாவதி என்று வந்தது.

திங்கள்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கொக்கிரகுளம் போய் வரிசையில் நின்றேன். முத்திரை போட்ட நகலைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன், கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் காலையில் அத்தையிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கேன்சல் சார்ஜ் பற்றிப் பேச்சே இல்லை. ஜிபே பண்ணிய 30 ஆயிரமும் அதே மகன் நம்பரிலிருந்து திரும்பி வந்தது. மீதி 50-க்கு ஆவணி வரை தவணை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மனுவை நான் வாபஸ் வாங்கவில்லை.

அப்பா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். தம்பி சாவியை என்னிடம் வந்து கேட்கிறான்.