உப்புக்காற்றில் பாயிண்ட்டா, எலக்ட்ரானிக்கா? பழைய கார்க்காரர்கள் அனுபவம்

உச்சிப்புளி, அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல்

காயிலுக்குப் போகும் கரண்ட்டை வெட்டி வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்ட் செட்டைக் கழற்றி, அதே வேலையை உரசாமல் செய்யும் எலக்ட்ரானிக் கிட் போட்டாயிற்று. மழைக்காலமும் தாண்டிவிட்டது. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. மதுரையில் வண்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். வாடை அடிக்கும் மாதங்களில் டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட் இருக்கும் இடம்) மூடியைத் திறந்தால் உள்பக்கம் வேர்த்திருக்கும், பாயிண்ட் முகம் கறுத்திருக்கும். உப்புத்தாளை மடித்து நாலு தேய் தேய்த்து, ஃபீலர் கேஜ் என்ற தகட்டு அளவியில் இடைவெளியை 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்தால் ஓடும். கொஞ்ச நாளில் மறுபடி ஐடிலில் நடுக்கம்.

பாயிண்ட்டின் ஃபைபர் கால் டெல்கோவுக்குள் சுழலும் கேம் மேல் உரசிக்கொண்டே இருக்கிறது. அங்கே கிரீஸ் காய்ந்தால் கால் தேயும், கேப் (இடைவெளி) குறையும், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்னுக்குப் போகும், பிக்கப் செத்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தில் லீவு நாளில் போனவர்களுக்குத் தெரியும், ரயில் பாலத்தைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். அந்த நெரிசலில் மிஸ்ஸிங்கோடு ஊர்ந்ததும்தான் கிட் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பாயிண்ட், கண்டன்சர் இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்ன மாட்யூல். கேம் தலையில் காந்த வளையம், அதன் மேல் பழைய ரோட்டார். சிவப்பு ஒயர் இக்னிஷன் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ள உள்ளே இருக்கும் எடைக்கல் அட்வான்ஸும் வேக்குவம் அட்வான்ஸும் அப்படியேதான் வேலை செய்யும். மாட்டியதும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும், பழைய குறி அப்படியே பொருந்தாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது வேறு. மிகப் பழைய அம்பாசடர்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதாவது பேட்டரி பிளஸ்தான் பாடியில் இருக்கும். அதில் நெகட்டிவ் எர்த் கிட்டை மாட்டினால் சாவி போட்டதும் மாட்யூல் போய்விடும். அடுத்தது காயில். மல்டிமீட்டரில் பிரைமரி 3 ஓம் பக்கம் காட்டினால் சாதாரணக் காயில். 1.5 ஓம் பக்கம் காட்டினால் அது வோல்ட்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில். அப்படிப்பட்ட வண்டியில் மாட்யூலின் சிவப்பு ஒயரைக் காயிலில் கொடுத்தால் 12 வோல்ட் வராது. ரெசிஸ்டருக்கு முன்னால், சாவியிலிருந்து வரும் பக்கம் கொடுக்க வேண்டும். எனக்கு ஒயரிங் பார்த்தவர் இதையெல்லாம் கேட்கவே இல்லை, நானே மீட்டரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

கீழக்கரை, பிரீமியர் பத்மினி

அண்ணே, நான் இன்னும் பாயிண்ட்தான். மாற்றுகிற எண்ணமும் இல்லை. அரிச்சல்முனை ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் வண்டி நின்றால் எந்த மெக்கானிக் வருவார்? பாயிண்ட் என்றால் என் பாக்கெட்டில் இருக்கும் உப்புத்தாள் போதும். மாட்யூல் போனால் போனதுதான், தட்டியும் பார்க்க முடியாது, தேய்த்தும் பார்க்க முடியாது.

இன்னொன்று, பாயிண்ட் மேல் பழி போடுகிற பாதிப் பேருக்குக் கோளாறு பாயிண்ட்டில் இருப்பதில்லை. இப்போது கடையில் கிடைக்கும் கண்டன்சர்கள் சிலது சூடானதும் படுத்துவிடுகின்றன. அது படுத்தால் பாயிண்ட்டில் நெருப்புப் பறக்கும், முகம் குழி விழும். டெல்கோ ஷாஃப்ட் புஷ் ஆடினால் கேப் எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. மூடியில் மயிர்க்கோடு விரிசல் இருந்தால் ஈரக்காற்றில் கரண்ட் அதன் வழியாகவே ஓடிவிடும், அதற்கு எலக்ட்ரானிக் போட்டும் பிரயோஜனமில்லை. முதலில் மூடியையும் ரோட்டாரையும் மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

எங்கள் மச்சான் கிட் போட்டவர். தனுஷ்கோடியில் பிள்ளைகள் பாட்டுக் கேட்கச் சாவியை ஆனில் விட்டுவிட்டு இறங்கிப் போனார். வந்து பார்த்தால் காயில் தொட முடியாத சூடு, மாட்யூல் காலி.

தொண்டி, அம்பாசடர்

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொல்வதில் மூடி விஷயம் சரி. ஆனால் ஆடுகிற புஷ்ஷுக்குப் பாயிண்ட்டைவிட எலக்ட்ரானிக்தான் அதிகம் தாங்கும். காந்தம் கொஞ்சம் விலகினாலும் சிக்னல் வரும். சுத்தமாகத் தேய்ந்த ஷாஃப்டுக்கு எதுவும் உதவாது, அது வேறு.

எனக்கு வந்த தொல்லை எர்த். கிட் போட்ட பிறகு மிஸ்ஸிங் கூடியது. விற்ற கடையில் மாட்யூலை மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் அப்படியே. கடைசியில் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை அவிழ்த்தால் அடியில் பச்சைப் பொடி. பாயிண்ட் இருந்தவரை அந்த எர்த் எப்படியோ சமாளித்திருக்கிறது, மாட்யூல் சமாளிக்கவில்லை. டெல்கோவுக்குள் அசையும் தட்டிலிருந்து டெல்கோ பாடிக்கு ஒரு சின்னப் பின்னல் ஒயர் உண்டு. அதுவும் இழை இழையாக அறுந்திருந்தது. வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டை அசைக்கும்போதெல்லாம் எர்த் விட்டுவிட்டு வந்திருக்கிறது. இரண்டையும் புதிதாகப் போட்டு, போல்ட் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, மேலே கிரீஸ் தடவியதும் மிஸ்ஸிங் நின்றது.

இங்கே கடலோரத்தில் கிட் போடுகிறவர்கள் எர்த்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் டெல்கோ மூடியைத் திறப்பது நல்லது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் டெல்கோ பாடிக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே எங்கோ அரித்திருக்கிறது. பிளக் ஒயரும் செம்புக் கம்பி வகை வேண்டாம், ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக வாங்குங்கள். செம்பு ஒயரின் மின் இரைச்சலில் சில மாட்யூல்கள் குழம்புகின்றன.

உச்சிப்புளி

காக்காவின் பயத்துக்கு வழி இருக்கிறது. பழைய பாயிண்ட்டைத் தட்டோடு கழற்றி, கேப் வைத்து, நல்ல கண்டன்சரும் சேர்த்து டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ரோட்டோரத்திலேயே திருப்பி மாட்டிவிடலாம்.

கிட் போட்டால் மைலேஜ் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: பாயிண்ட் நன்றாக வைத்த வண்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. தேய்ந்த பாயிண்ட்டோடு ஓட்டிக்கொண்டிருந்தால் தெரியும். பேட்டரி, டைனமோ சோர்ந்த வண்டி என்றால் அதைச் சரிசெய்யாமல் கிட் வாங்காதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் ரொம்ப இறங்கினால் சில மாட்யூல்கள் ஸ்பார்க்கே கொடுக்காது, பாயிண்ட் அப்போதும் கொடுக்கும்.