பகா எண்: ஐந்தாம் வகுப்புக்குக் ‘கூறுபடா எண்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

1ஐவிடப் பெரியதாய், 1ஆலும் தன்னாலும் மட்டும் மிச்சமின்றி வகுபடுகிற எண்ணை (prime number) ‘பகா எண்’ என்கிறோம். அதற்கு வேறு சொல் வைக்கலாமா என்று இங்கே பேச்சு நடக்கிறது. ‘பகா எண்’ என்ற சொல்லில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. நன்னூலின் பகுபதம், பகாப்பதம் வழியில் வந்த சொல். பகு எண் (வேறு எண்களாலும் வகுபடுவது), பகா எண், சார்பகா எண் (1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை) என்று ஒரு குடும்பமாகவே வளர்ந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பாடநூலிலும் அதுதான் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் ‘முதன்மை எண்’ணைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

என் சிக்கல் ஆறாம் வகுப்புக்கு முன்னால். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறேன். ‘பகு’ என்ற வினை அவர்கள் வீட்டில் புழங்குவதே இல்லை. மனப்பாடம் செய்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே வந்த ‘பங்குபடா எண்’ எனக்கும் பிடித்திருந்தது, வகுப்பில் சொல்லிப் பார்க்கும்வரை. ஏழு மீனைப் பங்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். “ஏன் முடியாது சார்? வள்ளத்துக்கு ரெண்டு, வலைக்கு ஒண்ணு, மிச்சம் நாலு ஆளுகளுக்கு” என்றான் ஒருவன். அவன் சொன்னது சரிதான். கடலுக்குப் போகிற வீட்டில் பங்கு என்றால் சமம் என்று பொருளில்லை.

இங்கே வந்த இன்னொன்றான ‘ஒற்றை வரிசை எண்’ (ஒரே வரிசையாக மட்டும் அடுக்க முடிகிற எண்) வேண்டவே வேண்டாம். 3, 5, 7 எல்லாம் ஒற்றைப்படை என்பதால் பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2 வெளியே போய்விடும், 9 உள்ளே வந்துவிடும். 9க்கு மட்டும் எங்களிடம் ஒரு மருந்து உண்டு. பக்கத்துத் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கிற ஒன்பது கல்லைப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. கோயில் மண்டபத்தில் அதே ஒன்பது கிரகமும் மும்மூன்றாக நிற்பதை நினைவூட்டினால் போதும்.

சரி, சந்தையைப் பாருங்கள். சாக்கை விரித்து, நகரை மீனையும் சூடை மீனையும் கூறு வைத்து விற்கிறார்கள். ஒரே விலை என்றால் எல்லாக் கூறும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. சமம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு குத்துச் சோழி கொடுத்து, கூறு வைக்கச் சொன்னேன். இரண்டு கூறாவது வேண்டும், கூறுக்கு இரண்டாவது இருக்க வேண்டும், மிச்சம் கூடாது. 12க்கு 2, 3, 4, 6 கூறு வந்தது. 24 எல்லோருக்கும் செல்ல எண்ணாகிவிட்டது. (இப்படி அளவுக்கு மீறிக் கூறுபடும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார்.) 13 வைத்திருந்தவள் கலைத்துக் கலைத்து அடுக்கிவிட்டு, “இதுல கூறு வராது சார்” என்றாள். அதனால்தான் ‘கூறுபடா எண்’ என்கிறேன்.

1 என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதற்கும் கூறு வராதுதான், ஆனால் பகா எண் இல்லை. நான் இப்படிச் சமாளிக்கிறேன்: ஏழு சோழியை மொத்தமாக ஒரே குவியலாகவும் வைக்கலாம், ஏழு தனிச் சோழியாகவும் வைக்கலாம், ஆக இரண்டு வழி. ஒரு சோழிக்குக் குவியலும் அதுவே, தனியும் அதுவே. சரியாக இரண்டு வழி உள்ளவைதான் நம் ஆட்கள். இதைச் சொல்லில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குப் பிடிபடவில்லை. பகா எண்ணிலும் அது இல்லையே!

வெக்டரின் கூறோடு (component) மோதுமே என்பார்கள். மோதட்டும், பதினோராம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு. இரண்டாம் நாளே பிள்ளைகள் 13ஐயும் 17ஐயும் ‘கூறுகெட்ட எண்’ ஆக்கிவிட்டார்கள். தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. 51ஐயும் அந்தக் கூட்டத்தில் தள்ளியிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை ஒருத்தி மட்டும் வீட்டுக்குப் போகாமல் சோழியை நகர்த்திக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து வந்து, “சார், அம்பத்தொண்ணு பாவம், அதுக்குக் கூறு இருக்கு. மூணு கூறு, பதினேழு பதினேழா” என்றாள்.

‘பகு எண்’ணுக்கு இணையாகக் ‘கூறுபடு எண்’ போதுமா, ‘கூறுபடும் எண்’ என்றே விடலாமா?