கான்ஃபரன்ஸ் ரீஅலைன்மெண்ட்: 'மறுசீரமைப்பு' என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம், நம் ஊர்க் கால்பந்து அல்ல) பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஒரு மாத இதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல்லிலேயே வண்டி நின்றுவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடுவதற்காகச் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்புக்கு அங்கே அதுதான் பெயர். அகராதி 'மாநாடு' என்கிறது. 'டெக்சஸ் பல்கலைக்கழகம் 2024 ஜூலை 1 அன்று தென்கிழக்கு மாநாட்டில் சேர்ந்தது' என்று எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் மாநாட்டுக்குப் பெயர் பதிவு செய்ததைப்போல இருக்கிறது. 'ரீஅலைன்மெண்ட்' (பல்கலைக்கழகங்கள் ஒரு கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றுக்குப் போவது), 'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்' (ஒளிபரப்பு உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) இரண்டுக்கும் சொல் வேண்டும். முன்னதற்கு இப்போதைக்கு 'மறுசீரமைப்பு' என்று போட்டுவைத்திருக்கிறேன். கான்ஃபரன்ஸுக்கு நண்பர் ஒருவர் 'மண்டலம்' என்றார், இன்னொருவர் 'கூட்டணி' என்றார். குழுவின் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

தம்பிக்கு வணக்கம்.

'மறுசீரமைப்பு' வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். மாவட்டங்களை மறுசீரமைத்தால் அரசாணை வரும். தொகுதிகளை மாற்றி வரைந்தால் ஆணையம் இருக்கும். கலைந்து கிடந்ததை மேலிருந்து ஒருவர் ஒழுங்குபடுத்தினார் என்பதுதான் அதன் பொருள். கல்லூரிக் கால்பந்தில் அப்படி யாரும் இல்லை. இல்லாமல் போன கதை தெரிந்தால் சொல் தானே கிடைத்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் அதிகாரி இருந்தார். என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் எந்த ஆட்டம் தொலைக்காட்சியில் வரலாம் என்று தீர்மானித்தது. 1982இல் நடைமுறைக்கு வந்த அதன் திட்டப்படி, இரண்டு ஆண்டுகளில் ஓர் அணி மொத்தம் 6 முறைக்குமேல் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது. வீட்டிலேயே பார்த்துவிட்டால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம் ஒரு காரணம். கூட்டம் சேர்க்கும் பெரிய அணிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில், என்சிஏஏவின் திட்டம் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பழைய கால்பந்து நட்சத்திரம் என்பதை உங்கள் கட்டுரை சொல்லவில்லை என்றால் ஓர் அடைப்புக்குறிக்குள் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

அன்றோடு ஒளிபரப்பை விற்கும் உரிமை அவரவர் கைக்குப் போனது. தனியாக விற்பதைவிடச் சேர்ந்து விற்றால் விலை கூடும் என்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரியும். யாரோடு சேர்ந்தால் எவ்வளவு கூடும் என்ற கணக்கும் அன்றே தொடங்கிவிட்டது. ஆர்கன்சா தென்மேற்கு கான்ஃபரன்ஸை விட்டுத் தென்கிழக்குக்குப் போனது. பன்னிரண்டு உறுப்பினர்களான தென்கிழக்கு, 1992இல் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பர்மிங்ஹாமில் ஓர் இறுதிப் போட்டியை நடத்தியது. விற்பதற்கு ஒரு சரக்கு கூடுதலாகக் கிடைத்தது. தென்மேற்கோ 1996இல் மூடப்பட்டது.

நடுவில் நடந்ததை எல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2014இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையும் மேரிலாந்தையும் சேர்த்துக்கொண்டது. ரட்கர்ஸ் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த அணி அல்ல. ஆனால் பிக் டென்னுக்கு 2007 முதல் சொந்தமாக ஒரு கேபிள் அலைவரிசை இருந்தது. உறுப்புப் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதியில் அந்த அலைவரிசைக்கு ஒவ்வொரு கேபிள் இணைப்புக்கும் மாதந்தோறும் கூடுதல் கட்டணம் வாங்கலாம், வெளியூரில் சில்லறைதான். ரட்கர்ஸ் வந்தால் நியூயார்க் பக்கத்து வீடுகள் கணக்கில் சேரும், மேரிலாந்து வந்தால் தலைநகர் வாஷிங்டன் சேரும். அந்த வீட்டில் ஆட்டத்தை யாராவது பார்க்கிறார்களா என்பது கேள்வியே இல்லை. சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் பாட்டியின் கட்டணத்திலும் கால்பந்துக்கு ஒரு பங்கு உண்டு.

பிறகு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கணக்கு இளைத்தது. உண்மையிலேயே பல லட்சம் பேரை உட்காரவைக்கும் பெயர்களுக்கு விலை ஏறியது. 2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குக்குப் போவதாக அறிவித்தன. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரு பல்கலைக்கழகங்களும், யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும், பிக் டென்னில் சேர்வதாக அறிவித்தன. ஆகஸ்டில் பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடும் ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். ரட்கர்ஸும் யூசிஎல்ஏவும் இன்று ஒரே கான்ஃபரன்ஸ். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். கால்பந்து அணி அந்தத் தொலைவைப் பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை பறக்கும். கைப்பந்து ஆடும் மாணவிகளும் அதே அட்டவணைக்குள்தான் வருகிறார்கள், வார நாள் தேர்வுகளோடு.

இதனால்தான் 'மண்டலம்' பொருந்தாது. ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி பல்கலைக்கழகங்கள் பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. எந்த மண்டலத்தில் இது நடக்கும்?

'கூட்டணி'யில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும்: தனிச் சின்னம், தனிக் கொடி, பொதுப் பேரம். ஆனால் நம் காதில் கூட்டணி என்றால் தேர்தலுக்குத் தேர்தல் கட்டி அவிழ்ப்பது. பிக் டென் 1896இல் தோன்றியது. விதிமுறை, ஆணையர், அலுவலகம், வருவாயைப் பங்கிடும் முறை எல்லாம் உள்ள நிலையான அமைப்பு. அதற்குக் 'கூட்டமைப்பு' என்பதே சரி. தென்கிழக்குக் கூட்டமைப்பு, அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பு.

இனி ரீஅலைன்மெண்ட். மாற்றுதல் பிறவினை, மாறுதல் தன்வினை. 'மாற்றம்' என்ற பெயர்ச்சொல் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டதால் யார் செய்தார்கள் என்பதை அது மறைத்துவிடும். பல்கலைக்கழகங்களை யாரும் மாற்றவில்லை, அவை மாறின. ஆகவே 'கூட்டமைப்பு மாறல்'. 'அணி மாறல்' என்று சுருக்க ஆசை வரும், வேண்டாம். ஆட்டக்காரர் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதற்கு அது தேவைப்படும்.

'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்' பற்றி: உறுப்பினர் தன் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கூட்டமைப்பிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நடுவில் வெளியேறினாலும் உரிமை கூடவே வராது. நம் ஊரில் இதற்கு எப்போதோ சொல் இருக்கிறது: ஒத்தி. நிலம் உன்னுடையது, விளைச்சல் கெடு முடியும்வரை அவனுடையது. 'உரிமை ஒத்தி' என்று முன்மொழிகிறேன்.

* * *

ஐயாவின் மடலைப் படித்தேன். கூட்டமைப்பு மாறலுக்கு என் ஒப்புதல். ஒத்திக்கு இல்லை.

எங்கள் தாத்தா இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டிருந்தார். மகள் கல்யாணத்துக்குக் கையில் பணம் வாங்கினார், அதற்கு ஈடாக நிலத்தைக் கொடுத்தார். கடன் இல்லாமல் ஒத்தி இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பும். அந்த மீட்கும் உரிமைதான் ஒத்தியின் உயிர். அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் 2013இல் எழுதி, 2016இல் 2036வரை நீட்டிய பத்திரத்தில் கடன் எங்கே இருக்கிறது? 'உரிமை ஒப்படைப்பு' என்று நேராகச் சொல்லிவிடலாமே. பத்து வருடம் கழித்து இந்தக் கட்டுரையைப் படிக்கும் இளைஞருக்கு ஒத்தி என்றால் என்னவென்று அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கலைச்சொல்லாக அல்ல, தலைப்பாக: 'கூடு விட்டுக் கூடு பாய்தல்'. பழங்கதையில் சித்தர் உயிர் வேறோர் உடலுக்குள் புகுந்த பிறகு பழைய உடல் குகையில் கிடக்கும். பசிபிக் பன்னிரண்டு என்ற மேற்குக் கரைக் கூட்டமைப்புக்கு அதுதானே நடந்தது? 1915இல் தொடங்கிய மரபு. 2023 ஆகஸ்ட் 4 காலைவரை ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்பு ஒப்பந்தம் மேசையில் இருந்தது. அன்று ஓரிகன், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகங்களான ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போவது உறுதியானது. அன்றிரவுக்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற கூட்டமைப்புக்கு. கொலராடோ முன்பே கிளம்பியிருந்தது. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். பன்னிரண்டில் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும்.

* * *

அம்மையீர், கடன் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள். ஆனால் மீட்கும் உரிமையில் ஒரு வேடிக்கை. அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் உறுப்பினர்களான புளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் அந்தப் பத்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசம் ஆயிற்று. இப்போது ஒரு தொகையைக் கட்டினால் உரிமையோடு வெளியேறலாம். அந்தத் தொகையும் ஆண்டுக்காண்டு குறையும். ஒத்தி அல்லாததாகத் தொடங்கியது, கடைசியில் ஒத்தியின் பக்கம் நகர்ந்திருக்கிறது. இருந்தாலும் பத்திரத்தின் பெயராக 'உரிமை ஒப்படைப்பு' இருக்கட்டும். தம்பி விளக்கும் இடத்தில் ஒத்தியை ஒரு வரியில் சொன்னால் எனக்குப் போதும்.

* * *

இருவருக்கும் நன்றி. மூன்று சொற்களையும் எடுத்துக்கொண்டேன். தலைப்புக்குக் கூடு விட்டுக் கூடு பாய்தலை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

'பிக் டென்' என்பதைப் 'பெரும்பத்து' என்று ஆக்கலாமா என்று முதலில் யோசித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன்: அதில் இப்போது 18 பேர். பென் ஸ்டேட் வந்து பதினொன்றானபோது பெயரை மாற்ற மனமில்லாமல் சின்னத்தின் எழுத்துகளுக்கு இடையே 11 என்ற எண்ணை ஒளித்துவைத்தார்களாம். பிக் 12இல் 16 பேர். எண்களை மொழிபெயர்த்தால் வாசகர் என் கணக்கைத்தான் சந்தேகிப்பார். ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுகிறேன்.

சோதனைக்காக ஒரு பத்தி எழுதினேன். எங்காவது இடறினால் சொல்லுங்கள்:

'டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012இல் தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறியது. அதற்கு முந்தைய நவம்பரில், நன்றி நவிலல் நாளன்று, டெக்சஸ் கடைசி நொடி உதையில் 27-25 என்று அதை வென்றிருந்தது. ஒரே மாநிலத்தின் அந்த இரு அணிகளும் அதன்பின் 13 ஆண்டுகள் மோதவில்லை. டெக்சஸும் கூட்டமைப்பு மாறிய பிறகே, 2024 நவம்பர் 30 அன்று, மீண்டும் ஒரே மைதானத்தில் இறங்கின.'

'உதை' சரியா, அல்லது ஆங்கிலத்து 'ஃபீல்ட் கோல்' என்பதைக் 'கள இலக்கு' என்று போடவேண்டுமா?