நூமா நோட் பாத்து சிபியூ எடுக்கற கேர்னல் பேட்ச்: ரிவ்யூல எதெல்லாம் கேக்கணும்?

கோத்தகிரி_மழை

எல்லாருக்கும் வணக்கங்க. வீட்ல இருந்தே வேலை பாக்கறேன், ஆபீஸ் வேலை அப்ளிகேஷன் பக்கம், ராத்திரி நேரத்துல லினக்ஸ் கேர்னல் பேட்ச் (கோடுல மாத்தச் சொல்லி அனுப்பற திருத்தம்) படிக்கறது. இப்ப ஒரு நெட்வொர்க் டிரைவர் பேட்ச் கையில இருக்கு, கார்டுல இருக்கற ஒவ்வொரு க்யூவோட இன்டரப்டையும் (வேலை வந்துருக்குன்னு சிபியூவை கூப்பிடற சிக்னல்) எந்த சிபியூவுக்கு குடுக்கறதுன்னு முடிவு பண்ற இடம். எழுதினவரு சொந்தமா லூப் போட்டிருக்காரு, டெவ்_டு_நோட் கேட்டு கார்டு எந்த நூமா நோட்ல (பெரிய மெஷின்ல சில சிபியூவும் அதுங்க பக்கத்து மெமரியும் சேந்த ஒரு கூறு) இருக்குன்னு எடுக்கறாரு, சிபியுமாஸ்க்_ஆஃப்_நோட் குடுக்கற மாஸ்க் (சிபியூ லிஸ்ட்) வச்சு அந்த நோட்டோட சிபியூவை முதல்ல நிரப்பறாரு, அது தீந்துச்சுன்னா மிச்ச சிபியூ எல்லாம் நம்பர் வரிசைல. படிக்க சுத்தமாத்தான் இருக்கு, கம்பைலும் ஆகுது, ஆனா எங்கயோ இடிக்குது, எங்கன்னு சொல்லத் தெரியல.

என்கிட்ட இருக்கறது ஒரே லேப்டாப், ஒரே நோட். பூட் பண்றப்ப நூமா=ஃபேக்=4 (ஒரே நோட்டை நாலு நோட் மாதிரி காட்டற ஆப்ஷன்) குடுத்து டெஸ்ட் பண்ணா போதுமா? அப்புறம் இதுக்கு ரிவ்யூட்-பை (பாத்துட்டேன்னு பேட்ச்ல பேரு சேக்கற வரி) போடற தகுதி எனக்கு இருக்கான்னும் சொல்லுங்க.

குன்னூர்_ஆரஞ்சு

தம்பி, இடிக்கற இடம் அந்த "மிச்சம் நம்பர் வரிசைல" தான். ரெண்டே நோட் இருக்கற மெஷின்ல அது தப்பே கிடையாது, ஒண்ணு பக்கம், இன்னொண்ணு தூரம், முடிஞ்சுது. நாலு நோட், எட்டு நோட் போனா தூரத்துலயே பல தினுசு இருக்கும். பயாஸ் குடுக்கற தூர டேபிள்ல தன் நோட்டுக்கு 10, வெளி நோட்டுக்கு வழக்கமா 20, பெரிய மெஷின்ல அதுக்கும் மேல. ஊட்டில ரூம் கிடைக்கலைன்னா அடுத்து குன்னூர்ல கேப்போம், அப்புறம் கோத்தகிரி, லிஸ்ட்ல பேரு முன்னாடி இருக்குன்னு நேரா கோயமுத்தூருக்கு எறங்க மாட்டோம்ல, அவரோட லூப் எறங்கும்.

கேர்னலே ரொம்ப வருஷம் இப்படித்தான் இருந்துச்சு. சிபியுமாஸ்க்_லோக்கல்_ஸ்ப்ரெட் ஃபங்ஷன் உள்ளூர் நோட்டை முடிச்சுட்டு மிச்சத்தை தூரம் பாக்காமத்தான் எடுத்துட்டு இருந்துச்சு, 2023ல வந்த 6.3 கேர்னல்லதான் தூரம் பாத்து எடுக்கற மாதிரி மாத்தினாங்க. அதே 6.3ல ஃபார்_ஈச்_நூமா_ஹாப்_மாஸ்க்னு ஒரு லூப் மேக்ரோவும் வந்துச்சு, பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஹாப் ஹாப்பா (தூரத்துல ஒவ்வொரு படியா) வெளிய போகும். அதனால உன் முதல் கேள்வி, இது ரெண்டும் இருக்கறப்ப சொந்த லூப் எதுக்கு? ஒரு சிபியூ வேணும்னா லோக்கல் ஸ்ப்ரெட், எல்லா சிபியூவையும் வரிசையா நடக்கணும்னா ஹாப் மேக்ரோ, லோக்கல் ஸ்ப்ரெட்டை லூப்ல திரும்பத் திரும்ப கூப்பிட்டா செலவு ஜாஸ்தின்னு அந்த ஃபங்ஷன் மேல இருக்கற கமென்ட்லயே எழுதியிருக்காங்க. ஒண்ணு கவனி, ஹாப் மாஸ்க் ஒவ்வொண்ணும் முந்தினதையும் சேத்துத்தான் வரும், ரெண்டாவது ஹாப்ல முதல் ஹாப்போட சிபியூவும் இருக்கும். பழைய மாஸ்க்கை கழிக்காம நடந்தா பக்கத்து சிபியூ மேலயே திரும்பத் திரும்ப க்யூ வந்து விழும்.

அடுத்தது நோட்டே இல்லாத கேஸ். டெவ்_டு_நோட் -1 திருப்பிக் குடுக்கும், நிறைய வெர்ச்சுவல் மெஷின்ல அதுதான் வருது. அந்த -1ஐ அப்படியே சிபியுமாஸ்க்_ஆஃப்_நோட் கிட்ட குடுத்தா எக்ஸ்86ல அர்ரேக்கு வெளிய போய் படிக்கும். லோக்கல் ஸ்ப்ரெட்டும் ஹாப் மேக்ரோவும் -1ஐ தாங்களே பாத்துக்கும், ஆன்லைன்ல இருக்கற சிபியூல இருந்து எடுத்துக்கும். அவரோட லூப்ல அந்த செக் இருக்கான்னு பாரு.

சிபியூவே இல்லாத நோட்டும் இருக்கு, வெறும் மெமரி மட்டும், சிஎக்ஸ்எல் வழியா கூடுதல் மெமரி போட்ட சர்வர்ல இப்படி வரும். அங்க மாஸ்க் காலி, காலி மாஸ்க்ல முதல் சிபியூ கேட்டா என்ஆர்_சிபியு_ஐடிஸ் (சிபியூ நம்பரோட மேல் எல்லை) அல்லது அதுக்கு மேல ஒரு நம்பர் வரும், அதை செக் பண்ணாம அர்ரேக்கு இன்டெக்ஸா போட்டா கதை முடிஞ்சுது. ஆன்லைன் மாஸ்க்கோட ஆண்ட் பண்றாரான்னும் பாத்துக்கோ.

வெலிங்டன்_அக்கா

மேல சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா தம்பி இதைப் படிச்சுட்டு "ஹாப் மேக்ரோவுக்கு மாத்துங்க"ன்னு ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பிடாதீங்க, அதுல ஒரு குழி இருக்கு. அந்த மாஸ்க் எல்லாம் ஆர்சியூ (படிக்கறவங்க முடிக்கற வரைக்கும் பழசை அழிக்காம வச்சிருக்கற கேர்னல் முறை) பாதுகாப்புல இருக்கறது, ரீட் லாக் போட்டுட்டுத்தான் நடக்கணும், போட்டுட்டா உள்ள தூங்கக் கூடாது, அதாவது எதுக்கும் நின்னு காத்திருக்கக் கூடாது. டிரைவர் ஆளுங்க லூப்புக்குள்ளயே ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ (ஐஆர்க்யூன்னா இன்டரப்ட்) கூப்பிடுவாங்க, ஜிஎஃப்பி_கேர்னல் போட்டு மெமரி கேப்பாங்க, ரெண்டுமே தூங்கலாம். சரியான வழி, ரீட் லாக்குக்குள்ள சிபியூ நம்பரை மட்டும் ஒரு அர்ரேல எழுதிக்கிட்டு வெளிய வந்து அப்புறமா ஐஆர்க்யூ வேலையப் பாக்கறது. வெளிய வர்ற நேரத்துல ஒரு சிபியூ ஆஃப்லைன் போனா என்ன ஆகும்னும் அவரு யோசிச்சிருக்கணும், தேவைன்னா சிபியுஸ்_ரீட்_லாக்.

லோக்கல் வேரியபிளா முழு சிபியுமாஸ்க் வச்சிருந்தா அதையும் சொல்லுங்க. 8192 சிபியூவுக்கு பில்ட் பண்ணா ஒரு மாஸ்க்கே 1 கேபி, 64 பிட் எக்ஸ்86ல கேர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபி தான்.

இன்னொண்ணு பாதிப் பேரு கேக்கறதில்ல. ஒரே நோட்ல ரெண்டு கார்டு இருந்து ரெண்டும் 0ல இருந்து எண்ண ஆரம்பிச்சா ரெண்டு கார்டோட முதல் க்யூவும் ஒரே சிபியூ தலைல உக்காரும். பேட்ச் எழுதினவரு டெஸ்ட் மெஷின்ல ஒரு கார்டுதான் இருந்திருக்கும், அவருக்கு தெரியவே தெரியாது. ஐசோல்சிபியுஸ் போட்டு ஒதுக்கி வச்ச சிபியூவும் அப்படித்தான், லோக்கல் ஸ்ப்ரெட் அதை மதிக்காது. 2020ல அதுக்குள்ளயே அந்தக் கட்டுப்பாட்டை வச்சுப் பாத்தாங்க, அடுத்த வருஷமே ரிவர்ட் ஆயிடுச்சு, அதனால அது டிரைவர் பக்கம் எடுக்க வேண்டிய முடிவு.

கோத்தகிரி_மழை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பேட்சை திரும்ப எடுத்துப் பாத்தேன், -1 செக் இல்லவே இல்ல, ஐஆர்க்யூ வாங்கறது லூப்புக்குள்ளதான் நடக்குது, இப்ப லாக் எதுவும் இல்லாததால ஓடுது, ஹாப் மேக்ரோவுக்கு மாத்தினா அக்கா சொன்ன மாதிரி வெடிக்கும். டெஸ்ட் எப்படி பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க. இங்க ஐப்பசி மழைல லைன் அடிக்கடி போகுது, கேர்னல் ட்ரீ குளோன் பாதியிலயே நிக்குது, திரும்ப முதல்ல இருந்து.

கூடலூர்_பையன்

ப்ரோ, கிட் குளோன் பாதில நின்னா தொடராது. கேர்னல்.ஆர்க்ல குளோன்.பண்டில்னு ஒரு ஃபைல் வச்சிருக்காங்க, அதை டபிள்யூகெட் -சி போட்டு எறக்குங்க, கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து எறங்கும், அப்புறம் அதுல இருந்து குளோன் பண்ணி மிச்சத்தை மட்டும் ஃபெட்ச் பண்ணுங்க. எங்க ஊர் ஆடி மழைல இதுதான் வழி.

நூமா=ஃபேக் இதுக்கு ஆகாது. அது மெமரியத்தான் கூறு போடும், சிபியூவை பிரிக்காது, நிஜ நோட்ல இருக்கற எல்லா சிபியூவும் அதுக்கு மேல செஞ்ச ஒவ்வொரு பொய் நோட்டோட மாஸ்க்லயும் இருக்கும். உங்க லேப்டாப்ல நாலு நோட்டும் ஒரே சிபியூ கூட்டத்தைத்தான் காட்டும், எந்த லூப்பும் பாஸ் ஆயிடும்.

கியூஎமு (வெர்ச்சுவல் மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) எடுங்க, 8 ஜிபி லேப்டாப் போதும். நாலு நோட், ஆளுக்கு ரெண்டு சிபியூ, நூமா டிஸ்ட் ஆப்ஷன்ல தூரம் குடுங்க, வேணும்னே நோட் 0க்கு நோட் 3ஐ பக்கத்துலயும் நோட் 1ஐ தூரத்துலயும் வைங்க, அப்பத்தான் நம்பர் வரிசைல போற லூப் மாட்டும். அஞ்சாவதா சிபியூ இல்லாம மெமரி மட்டும் உள்ள நோட் ஒண்ணு. கார்டை குறிப்பிட்ட நோட்ல உக்கார வைக்க பிஎக்ஸ்பி-பிசிஐஇ டிவைஸ் போட்டு அதுக்கு நூமா நோட் குடுத்து, கார்டை அதுக்கு அடியில மாட்டுங்க. கன்ஃபிக்ல ப்ரூவ்_லாக்கிங், டிபக்_அட்டாமிக்_ஸ்லீப் ரெண்டையும் ஆன் பண்ணிட்டா லாக்குக்குள்ள தூங்கறது டிமெசேஜ்ல கத்திடும். ப்ராக் இன்டரப்ட்ஸ்ல எந்த க்யூ எந்த சிபியூல விழுதுன்னு பாத்து அந்த அவுட்புட்டையே பதில்ல ஒட்டுங்க.

வெலிங்டன்_அக்கா

தகுதி கேட்டிருந்தீங்கள்ல தம்பி. ரிவ்யூட்-பைங்கறது பதவி இல்ல, "நான் முழுசா பாத்தேன், எனக்குத் தெரிஞ்சு பெரிய பிரச்சனை பாக்கி இல்ல"ன்னு குடுக்கற வாக்கு. இப்ப பாக்கி இருக்கு, அதனால இந்த வெர்ஷனுக்கு குடுக்காதீங்க, கேள்விய மட்டும் அந்தந்த வரிக்கு கீழயே எழுதுங்க, ப்ளெய்ன் டெக்ஸ்ட்ல. -1 விஷயத்தை முதல்ல போடுங்க, அது கிராஷ், தூரம் வெறும் வேகம் சம்பந்தப்பட்டது. அடுத்த வெர்ஷன் வந்து கூடலூர் தம்பி சொன்ன அஞ்சு நோட்லயும் ஓடுச்சுன்னா டெஸ்டட்-பையும் சேத்தே குடுக்கலாம்.